முதலில் கடிகாரம், அப்புறம் மோட்டார்

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் தாளில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளும் ஒரு கேள்விக்குத் திணறுவார்கள். "சமன்பாட்டில் டி என்று ஒன்று எழுதுகிறீர்களே, சாம்பிளிங் இடைவெளி, அதாவது ஒரு அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள நேரம், 10 மில்லி செகண்ட் என்று போட்டிருக்கிறீர்கள். அது 10 தான் என்று யார் பார்த்துக்கொள்வது?" ஒருவர் மைக்ரோகண்ட்ரோலர் என்பார், இன்னொருவர் கிளாக் என்பார். அதற்கு மேல் பேச்சு நகராது. கரும்பலகையில் டி என்பது கணக்கில் கொடுக்கப்பட்டுவிட்ட ஒரு எழுத்து. ரியல் டைம் கண்ட்ரோல், அதாவது குறித்த நேரத்தில் அளந்து குறித்த நேரத்தில் இயக்குவது, முழுவதும் அந்த எழுத்துக்குள்தான் இருக்கிறது என்பதை வகுப்பில் வாயால் சொல்லிப் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை. லேபில் முடிகிறது.

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்த லேபைச் சில வருடங்களாக நடத்திவருகிறேன். இதே மாதிரி ஒன்றைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் எந்த போர்டு வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். போர்டு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. எதை முதலில் பார்க்க வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் எங்கள் மேசையில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முன்பு எங்களிடம் இருந்தவை பெட்டி கிட்கள். மூடிய பெட்டி, மேலே அச்சடித்த பிளாக் டயகிராம், பேட்ச் கார்டு செருகத் துளைகள், பி, ஐ, டி என்று மூன்று திருகுகள் (இப்போதைய பிழை, சேர்ந்துவந்த பிழை, பிழை மாறும் வேகம் ஆகியவற்றுக்கு ஏற்பத் திருத்தும் மூன்று பகுதிகள்). திருகினால் சி.ஆர்.ஓ. திரையில் அலை மாறும். சீனியர் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் அலைதான் ஜூனியர் நோட்டிலும் இருக்கும். உள்ளே இருப்பது ஆப் ஆம்ப் என்ற அனலாக் சுற்று, அங்கே நேரம் தவறுவதற்கு வழியே கிடையாது. பி.ஐ.டி. என்றால் என்ன என்று காட்ட அது போதும். நேரம் தவறினால் என்ன ஆகும் என்று காட்ட, தவறக்கூடிய ஒன்று தேவைப்பட்டது.

இப்போது இரண்டு பேருக்கு ஒரு மேசை. மூன்று பேர் என்றால் மூன்றாமவர் ரெக்கார்டு எழுத உட்கார்ந்துவிடுவார், அதனால் இரண்டுதான். மேசையில் 12 வோல்ட் கியர் மோட்டார், அதன் தண்டில் ஒரு இரும்புத் தட்டு, பின்பக்கம் சுழற்சியைத் துடிப்புகளாகத் தரும் என்கோடர், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298 டிரைவர், முதல் பாதி செமஸ்டருக்கு ஆர்டுயினோ ஊனோ, பிற்பாதிக்கு எஸ்.டி.எம்.32 நியூக்ளியோ, இரண்டும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள். கூடவே, பின்கள் எப்போது மேலே கீழே மாறுகின்றன என்று காட்டும் எட்டு சேனல் லாஜிக் அனலைசர் ஒன்று. மோட்டாரும் டிரைவரும் சென்னை ரிச்சி தெருவில் மொத்தமாக வாங்கியவை. எல்298 தானே 2 வோல்ட் போல விழுங்கிவிடும், வேறு நல்ல டிரைவர் வாங்கலாமே என்று லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சொன்னார். வேண்டாம் என்றேன். மாடலில் 12 வோல்ட், மோட்டாருக்குப் போவது 10 வோல்ட் என்ற வித்தியாசத்தை அவர்களே மல்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.

பாதுகாப்பு பற்றி ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். பவர் சப்ளையில் கரண்ட் லிமிட் வைத்த பிறகுதான் மோட்டார் ஒயரைக் கையில் கொடுப்போம். தட்டு சிறியதுதான், ஆனாலும் முடியைக் கட்டி, துப்பட்டாவைப் பின் குத்திவிட்டுத்தான் மேசைக்கு வர வேண்டும். புரோகிராம் தொங்கினால் மோட்டாரின் வேகத்தை வைக்கும் பி.டபிள்யூ.எம். துடிப்பு கடைசியாக எழுதிய மதிப்பிலேயே நின்றுவிடும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் டிரைவரின் எனேபிள் ஒயரில் ஒரு சாதாரண சுவிட்ச். அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டச் சொல்வேன்.

முதல் இரண்டு வாரம் பி.ஐ.டி. என்ற பேச்சே கிடையாது. மோட்டாரும் ஓடாது. வெறும் லூப், அதில் டிலே 10 என்று ஒரு வரி, ஒவ்வொரு சுற்றிலும் போர்டின் ஒரு பின்னை மேலே கீழே மாற்றும் இன்னொரு வரி. அந்தப் பின்னில் அனலைசரின் ப்ராப் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சுற்றுக்கு ஒரு முறை மாறுவதால் சதுர அலை 50 ஹெர்ட்ஸில் வரும். உடனே ஒரு பேட்சாவது கையைத் தூக்கும்: "மேம், இது நம்ம கரண்ட் லைன் நாய்ஸா?" நல்ல சந்தேகம், வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தானே. டிலேயை 7 ஆக்கிப் பாருங்கள் என்பேன். 71 ஹெர்ட்ஸுக்கு மாறியதும் சந்தேகம் தீரும்.

அப்புறம் உற்றுப் பார்த்தால் அது சரியாக 50 இல்லை, ஒரு துளி குறைவு. டிலே என்பது காத்திருக்கும் நேரம் மட்டும்தான். கணக்குப் போடும் நேரம் அதன் மேல் கூடுகிறது. லூப்பில் நாலு சைன் கணக்கைச் சேர்த்தால் அலை இன்னும் தளரும். அடுத்து, டிலேயை எடுத்துவிட்டு, முந்தைய நேரத்தோடு 10 மில்லி செகண்டைக் கூட்டி அந்த நேரம் வரும்வரை காத்திருக்கும்படி எழுதச் சொல்வேன். இப்போது கணக்கு கூடினாலும் அலை அசையாது. காத்திருப்பதற்கும் குறித்த நேரத்துக்கு வருவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு மாலையில் பதிந்துவிடுகிறது. பின்னால் ஃப்ரீஆர்டாஸில் (பல டாஸ்க்குகளை நேரம் பார்த்து ஓட்டும் ஆர்டாஸ், அதாவது ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்) டாஸ்க் டிலே, டாஸ்க் டிலே அன்டில் என்று இரண்டு இருப்பது எதற்கு என்று நான் விளக்கவே வேண்டியதில்லை.

இனி வருவதுதான் இந்த லேபிலேயே எனக்குப் பிடித்த பரிசோதனை. மோட்டாரை இணைத்து, எளிய பி.ஐ. கண்ட்ரோலரைக் கொடுத்துவிடுவேன். இலக்கு 100 ஆர்.பி.எம். ஒவ்வொரு சுற்றிலும் இலக்கு, வேகம், வெளியீடு மூன்றையும் ஒரு வரியில் சீரியல் போர்ட்டில் அச்சிடும். சுமார் 20 எழுத்து, பாட் ரேட், அதாவது விநாடிக்குப் போகும் பிட், 9600. திரையில் வரைபடம் அழகாக ஏறி 100 இல் போய் நிற்கும். எல்லோர் முகத்திலும் திருப்தி. "சரி, மெஷின்ஸ் லேபில் போய் டாக்கோமீட்டர் வாங்கிட்டு வாங்க" என்பேன், சுழலும் வேகத்தை ஒளியால் அளக்கும் கருவி அது. தட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் மேல் ஒளி அடித்துப் பார்த்தால் 48 காட்டும்.

டாக்கோமீட்டரில் பேட்டரி போயிருக்கும் என்பார்கள். என்கோடர் பழுது என்பார்கள். கியர் விகிதம் தப்பு என்று ஒருவர் கடைக்காரரைத் திட்டுவார். யாராவது ஒருவருக்கு முதல் வாரத்தில் ப்ராப் வைத்த அந்தப் பின் நினைவுக்கு வரும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. ப்ராப் வைத்தால் அலை 50 இல் இல்லை, 24 ஹெர்ட்ஸில் நிற்கும். அதாவது சுற்று ஒன்றுக்கு 10 மில்லி செகண்ட் இல்லை, கிட்டத்தட்ட 21.

கணக்கை அவர்களே போடுவார்கள். 9600 பாடில் ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட், ஆக ஒரு எழுத்துக்கு 1.04 மில்லி செகண்ட். 20 எழுத்துக்கு 20.8. ஊனோவின் சீரியல் பஃபர், அதாவது எழுத்துகள் அனுப்பக் காத்திருக்கும் இடம், 64 எழுத்து கொள்ளும், அதனால் முதல் ஆறேழு சுற்று வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். பஃபர் நிறைந்ததும் அச்சிடும் வரி, இடம் காலியாகும்வரை லூப்பை நிறுத்தி வைத்துவிடும். புரோகிராமோ இடைவெளி 10 மில்லி செகண்ட் என்று நம்பி வேகத்தைக் கணக்கிடுகிறது. உண்மையில் 20.8 மில்லி செகண்டில் வந்த துடிப்புகளை 10 ஆல் வகுத்தால் வேகம் இரு மடங்காகத் தெரியும். கண்ட்ரோலர் அதைப் பார்த்து மோட்டாரைப் பாதியாக இறக்கிவிட்டு, திரையில் 100 என்று எழுதுகிறது. கண்ட்ரோலர் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த நேரத்தைக் கொண்டு சரியாகத்தான் வேலை செய்கிறது. அச்சிடும் வரியை எடுத்துவிட்டால் தட்டு நிஜமாகவே 100க்கு வந்துவிடும், ஆனால் அதைத் திரையில் பார்க்க முடியாது. பாட் ரேட்டை 115200 ஆக்கினால் அதே 20 எழுத்து 1.7 மில்லி செகண்டில் போய்விடும், பிரச்சினையும் போய்விடும். சில பேட்ச் அதோடு நின்றுவிடும். இன்னும் நாலு மதிப்பு சேர்த்து 150 எழுத்து அச்சிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு அனுப்புவேன்.

இந்த ஒரு பரிசோதனைக்காகவே ஊனோவை விடாமல் வைத்திருக்கிறேன். வேகமான போர்டுகளில் இது எளிதில் மறைந்துவிடும்.

அடுத்த சில வாரங்கள் கெயினும் (பிழையை எத்தனை மடங்காக்கித் திருத்துகிறோம் என்பது) சாம்பிளிங்கும். இங்கே வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது விதி. இரும்புத் தட்டோடு சேர்த்து எங்கள் மோட்டாரின் டைம் கான்ஸ்டன்ட், அதாவது வேகம் மாற எடுக்கும் நேரத்தின் அளவு, ஏறத்தாழ 100 மில்லி செகண்ட். முதல் வரிசை அமைப்பு. வெறும் புரப்போர்ஷனல் கண்ட்ரோல் (பி மட்டும்) போட்டால் எவ்வளவு கெயின் வைத்தாலும் ஆடாது என்று ரூட் லோகஸ் வரைபடம் சொல்கிறது, பரிட்சையிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அதே அமைப்பை டிஜிட்டலாக மாற்றினால் கதை வேறு. சாம்பிளிங் இடைவெளி 10 மில்லி செகண்ட் என்றால் லூப் கெயின் 20 வரை தாங்கும். 50 என்றால் 4.08. 100 என்றால் வெறும் 2.16. இடைவெளியைத் தவிர எதையும் மாற்றவில்லை, மோட்டாரும் அதே மோட்டார்தான். இந்த மூன்று எண்ணையும் அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக் காட்டினால்தான் மேசைக்குப் போகலாம்.

மேசையில் அந்த எண் வருவதில்லை. இதுதான் சுவாரசியம். 100 மில்லி செகண்ட் இடைவெளியில் 2.16ஐத் தாண்டி 3 வைத்தாலும் மோட்டார் கொஞ்சம் தள்ளாடிவிட்டு நிலைக்கு வந்துவிடும். பெரும்பாலானோர் உராய்வு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், உராய்வுக்கும் அதில் பங்கு உண்டு. ஒருமுறை ஒரு மாணவி கெயினை மேலும் ஏற்றி ஆட வைத்து, ஆட்டத்தின் கால அளவைப் பார்த்தாள். "மேம், ஒரு சாம்பிள் மேலே, ஒரு சாம்பிள் கீழேன்னு 200 மில்லி செகண்ட்ல ஆடணும். இது 300ல ஆடுது." மூன்று சாம்பிளுக்கு ஒரு சுற்று. உராய்வு அப்படிச் செய்யாது.

காரணம் என்கோடர். அது அந்தக் கணத்து வேகத்தைக் கொடுப்பதில்லை, போன 100 மில்லி செகண்டின் சராசரி வேகத்தைக் கொடுக்கிறது. அந்தச் சராசரியையும் மாடலில் சேர்த்துக் கணக்குப் போட்டால் எல்லை 2.16 இலிருந்து 3.78 ஆக ஏறுகிறது, ஆட்டமும் கிட்டத்தட்ட மூன்று சாம்பிளுக்கு ஒரு சுற்று என்று வருகிறது. சராசரி எடுப்பது தாமதம்தானே, தாமதம் நிலைத்தன்மையைக் கெடுக்க வேண்டாமா என்று அவளுடைய ஜோடி விடாமல் வாதாடினான். இந்த இடைவெளியில் அந்தச் சராசரி, ஆட்டத்தை வடிகட்டவும் செய்கிறது என்பதைப் போர்டில் எழுதிக் காட்டியபோது மணி ஆறாகிவிட்டது, பஸ்ஸும் போய்விட்டது. எண் ஒத்துப்போகாத இடத்தில்தான் பாடம் கிடைக்கிறது. ஒத்துப்போகும்படி கிட்டைச் சரிசெய்து வைப்பதை நிறுத்தியது இதனால்தான்.

இதைப் பார்த்தவர்களுக்கு இயல்பாக ஒரு எண்ணம் வரும்: இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் எல்லாம் சரியாகிவிடும். செய்து பார்க்கச் சொல்வேன். எங்கள் என்கோடர் மோட்டார் தண்டுக்கு ஒரு சுற்றுக்கு 11 துடிப்பு, இரண்டு சேனலின் எல்லா விளிம்பையும் எண்ணினால் 44, கியர் 30க்கு 1. ஆக வெளித்தண்டு ஒரு சுற்றுக்கு 1320 எண்ணிக்கை. 100 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 2200. பத்து மில்லி செகண்டில் 22 வரும், ஒரு எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் 4.5 ஆர்.பி.எம். வித்தியாசம். ஒரு மில்லி செகண்டுக்கு இறக்கினால் 2 வரும், அல்லது 3 வரும். நடுவில் ஒன்றும் கிடையாது. கண்ட்ரோலருக்கு வேகம் 91 என்று தெரியும், அடுத்த கணம் 136 என்று தெரியும். பி.ஐ.டி.யின் டெரிவேட்டிவ் பகுதியைச் சேர்த்தால் மோட்டார் கரகரவென்று கத்த ஆரம்பிக்கும், அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து லேபிலிருந்து ஆள் வந்துவிடுவார்கள். துடிப்புகளை எண்ணாமல் இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கலாமே என்று அவர்களே கேட்கும்வரை விட்டுவைப்பேன். கேட்காத வருடமும் உண்டு, அப்போது நானே சொல்லிவிடுவேன்.

ஊனோவில் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. என்கோடர் எண்ணிக்கை 32 பிட், சில்லு 8 பிட். அதனால் அந்த எண்ணை நாலு துண்டாகத்தான் படிக்க முடியும். பாதி படித்துக்கொண்டிருக்கும்போது என்கோடர் இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வந்து எண்ணை 255 இலிருந்து 256க்கு ஏற்றிவிட்டால், பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டிக்கொண்டு இல்லாத ஒரு எண் கிடைக்கும். வேக வரைபடத்தில் எப்போதாவது ஒரு முள் எழும். எப்போதாவது என்பதுதான் கொடுமை. காட்டு என்றால் காட்டாது, நான் அடுத்த மேசைக்குப் போனதும் காட்டும்.

ஒரு ஜோடி இதை ஒயர் தளர்வு என்று நம்பி ஜம்பர் ஒயர்களை எல்லாம் மாற்றியது, சால்டர் செய்தது, கிரவுண்டைத் தனியாக இழுத்தது. முள் போகவில்லை. நான் கேட்ட ஒரே கேள்வி: "அந்த முள்ளோட உயரம் எவ்வளவு?" ஒயர் தளர்வாக இருந்தால் உயரம் கண்டபடி இருக்கும். இவர்கள் பதிவு செய்து வைத்திருந்த முட்கள் எல்லாவற்றிலும் எண்ணிக்கை 256ஐ ஒட்டியே பிசகியிருந்தது. 8 பிட் துண்டு ஒன்று 255 வரைதான் கொள்ளும், 256 என்ற எண்ணைப் பார்த்ததும் பையன் சிரித்துவிட்டான். படிக்கும் வரிக்கு முன் இன்டரப்டை நிறுத்து, படித்ததும் திற. இரண்டு வரி. அன்றிலிருந்து எங்கள் லேப் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: பிழையைத் திருத்தும் முன் அதன் அளவை எழுது.

கெயின்களைத் தேர்ந்தெடுக்க உதவும் ஸீக்லர் நிக்கோல்ஸ் முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1942இல் வந்த அட்டவணை, எல்லா வருடமும் போட்டுப் பார்க்கிறோம், எல்லா வருடமும் ஓவர்ஷூட், அதாவது இலக்கைத் தாண்டிப் போவது, தாறுமாறாக இருக்கிறது. ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால் பங்காகத் தேயட்டும் என்று வைத்த விதி அது, நம் பிள்ளைகள் எதிர்பார்க்கும் வழவழப்பான வளைவை அது தருவதாகச் சொல்லவே இல்லை. தொடங்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். இன்டகரல் வைண்டப்பை, அதாவது ஐ பகுதியில் பிழை குவிந்துவிடுவதை, காட்டவும் ஒரே நிமிடம் போதும். தட்டைத் துணியால் பிடித்துச் சில விநாடி நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால், சேர்த்து வைத்த பிழையெல்லாம் வெளியே கொட்டி மோட்டார் இலக்கைத் தாண்டிப் பறக்கும். ஒருமுறை கையில் அந்த இழுப்பை உணர்ந்தவர் ஆன்டி வைண்டப் எழுத மறப்பதில்லை.

பிற்பாதியில் நியூக்ளியோவுக்கும் ஃப்ரீஆர்டாஸுக்கும் போகிறோம். இங்கே ஒரு எச்சரிக்கை: ஆர்டாஸ் வந்ததும் நேரம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துவிடுவார்கள். அதை உடைப்பதற்கென்றே ஒரு வாரம் வைத்திருக்கிறேன்.

மூன்று டாஸ்க். முன்னுரிமையில் மேலே கண்ட்ரோல் டாஸ்க், 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஐ2சி என்ற பொதுத் தடம் வழியாக ஒரு சென்சாரைப் படிக்கும். கீழே டிஸ்பிளே டாஸ்க், அதே ஐ2சி தடத்தில் இருக்கும் சிறிய திரையில் எழுதும். நடுவில் லாகிங் டாஸ்க், ஐ2சியைத் தொடவே தொடாது, கணக்கு மட்டும் போட்டுக்கொண்டிருக்கும். தடம் இருவருக்கும் பொது என்பதால் பூட்டு வேண்டும், அதற்கு பைனரி செமஃபோர். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரு பின், லாஜிக் அனலைசரில் மூன்று கோடுகளாகத் தெரியும். பைனரி செமஃபோர் உருவாகும்போதே காலியாகத்தான் இருக்கும், முதலில் ஒருமுறை கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் ஒன்றுமே ஓடவில்லை என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மேசை வருடா வருடம் உண்டு. இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதில் கற்க ஒன்றுமில்லை.

ஓடத் தொடங்கியதும் கோடுகள் அழகாக வரும். பிறகு திடீரென்று மேல் கோட்டில் பெரிய ஓட்டை. கீழ் டாஸ்க் பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது நடு டாஸ்க் எழுந்து அதைத் தள்ளிவிடுகிறது. மேல் டாஸ்க் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. கீழ் டாஸ்க்குக்கு ஓட வாய்ப்பில்லை, அதனால் பூட்டு திறக்காது. ஆக, ஐ2சிக்குச் சம்பந்தமே இல்லாத நடு டாஸ்க், தன்னைவிட உயர்ந்த கண்ட்ரோல் டாஸ்க்கை நிறுத்தி வைத்துவிட்டது. பைனரி செமஃபோர் உருவாக்கும் வரியை மியூடெக்ஸ் உருவாக்கும் வரியாக மாற்றினால் ஓட்டை சுருங்கிவிடும். ஃப்ரீஆர்டாஸ் மியூடெக்ஸில் பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் உண்டு, பைனரி செமஃபோரில் இல்லை. பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமை தற்காலிகமாகக் கிடைக்கும்.

அனலைசரில் அந்த ஓட்டையைப் பார்த்த பிறகுதான் நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் கதையைச் சொல்வேன், முன்னால் சொன்னால் அது வெறும் கதையாகப் போய்விடும். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய கலம், சில நாளில் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் கீழ்நிலை டாஸ்க் ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருக்க, நடுநிலை டாஸ்க் குறுக்கே வர, தகவல் பஸ்ஸை நிர்வகிக்கும் உயர்நிலை டாஸ்க் தன் வேலையை முடிக்க முடியாமல் போனது. அது முடியவில்லை என்று கண்ட கண்காணிப்பு ஏற்பாடு கலத்தையே ரீசெட் செய்தது. நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகப் பொறியாளர்கள் பூமியில் இருந்த நகலில் அதை மறுபடி நிகழ வைத்துப் பார்த்து, கலத்தின் ஆர்டாஸான விஎக்ஸ்வொர்க்ஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்த பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸை இங்கிருந்தே இயக்கிவிட்டார்கள். "நாம மாத்தின அதே வரிதானே மேம்" என்று ஒரு பையன் கேட்டான். ஏறத்தாழ அதேதான்.

சராசரி என்ற சொல்லோடு தொடர்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. "இடைவெளி சராசரி 10.02 மில்லி செகண்ட் வருது மேம், சரியாத்தான் இருக்கு" என்று முடித்துவிடப் பார்ப்பார்கள். டவுன் பஸ்ஸும் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான், அரை மணி நேரம் ஒன்றுமில்லாமல் மூன்று சேர்ந்து வந்தாலும் சராசரி அதேதான் என்று சொன்னால் கோவைப் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. அதனால் அறிக்கையில் சராசரி எழுதினால் மதிப்பெண் கிடையாது. மிகக் குறைந்த இடைவெளி, மிக அதிக இடைவெளி, இரண்டும் வேண்டும், அளந்தபோது மற்ற டாஸ்க்குகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதும் வேண்டும்.

கணக்கு நேரத்தைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு, இது தனியாக எங்கும் சொல்லித்தரப்படுவதில்லை. எங்கள் நியூக்ளியோவில் இருக்கும் கார்டெக்ஸ் எம்4 சில்லு ஒற்றைத் துல்லிய (32 பிட்) தசமக் கணக்கை வன்பொருளிலேயே போடும், இரட்டைத் துல்லியத்தை (64 பிட்) மென்பொருளில்தான் போடும். நிரலில் 0.5 என்று எழுதினால் சி மொழியில் அது இரட்டைத் துல்லியம். பின்னால் ஒரு எஃப் சேர்த்தால் ஒற்றை. அந்த ஒரு எழுத்தைச் சேர்த்து, பின்னில் தெரியும் துடிப்பு எவ்வளவு மெலிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். லியூ, லேலண்ட் இருவரும் 1973இல் கொடுத்த எல்லை, அதாவது மூன்று டாஸ்க் என்றால் பிராசசர் சுமை சுமார் 78 சதவீதத்துக்குள் இருந்தால், அடிக்கடி ஓடும் டாஸ்க்குக்கு அதிக முன்னுரிமை தரும் ரேட் மோனோடானிக் முறையில் எல்லாமே கெடுவுக்குள் முடியும் என்பது, அதற்குப் பிறகு வெறும் சூத்திரமாக இருக்காது. சுமை என்பது பின்னில் அளந்த துடிப்பின் அகலம், இடைவெளியில் எத்தனை பங்கு என்பதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மதிப்பிடுவதுதான் இந்த லேபின் கடினமான பகுதி. அலை அழகாக வந்ததா என்று பார்த்து மதிப்பெண் போட்டால், அழகான அலைக்கு என்ன கெயின் என்று வாட்ஸ்அப்பில் மேசைக்கு மேசை போய்விடும். இப்போது மேசைக்குப் போகும் முன் ஒரு தாளில் கணிப்பு எழுத வேண்டும்: எந்த இடைவெளியில், எந்தக் கெயினில் ஆடத் தொடங்கும், எவ்வளவு வேகத்தில் ஆடும். கணிப்பு தப்பினால் மதிப்பெண் குறையாது. தப்பியதற்குக் காரணத்தை அளந்து காட்டாவிட்டால் குறையும். நகல் எடுக்க முடியாதபடி மேசைக்கு மேசை தட்டின் எடை வேறு, அதனால் டைம் கான்ஸ்டன்டும் வேறு. ரெக்கார்டு நோட்டு இன்னும் இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்கு அது வேண்டும். அதைப் பற்றி நான் சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.

வைவாவுக்குப் பதிலாக ஒரு பழுதைக் கொடுக்கிறோம். ஓடுகிற மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே ஒரு நேரப் பிழை. நாற்பது நிமிடத்தில் எது என்று ப்ராப் வைத்துக் காட்ட வேண்டும், திருத்தாவிட்டாலும் பரவாயில்லை. இந்த அமைப்பில் ஒரு செலவு உண்டு: ஆசிரியர் ஒவ்வொரு மேசையிலும் பத்து நிமிடம் நிற்க வேண்டும், லேப் அசிஸ்டென்டுக்கும் அனலைசரைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அண்ணன் ஒரு செமஸ்டர் விடுமுறையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார், இப்போது பிள்ளைகள் என்னைவிட அவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். பணம் குறைவாக இருந்தால் இரண்டு மேசைக்கு ஒரு போர்டு வைத்துக்கொள்ளுங்கள், அனலைசரை மட்டும் மேசைக்கு ஒன்று வாங்குங்கள்.

பழுதுகளை இப்போது நான் தயாரிப்பதில்லை. லேப் முடித்துப் போகும் பேட்ச், அடுத்த பேட்சுக்கு ஆளுக்கொரு பழுது எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். போன முறை வந்ததில் ஒன்று நியூக்ளியோவுக்கானது: என்கோடரை 16 பிட் டைமரில் எண்ணவிட்டு, வித்தியாசத்தை 32 பிட்டில் கழித்திருக்கிறார்கள். எண்ணிக்கை 65535ஐத் தாண்டி மறுபடி பூஜ்யத்துக்கு வரும் கணத்தில் வேகம் பயங்கரமான மைனஸ் எண்ணாகத் தெரியும், மோட்டார் ஒரு உதறு உதறும். 100 ஆர்.பி.எம்.மில் அது சுமார் 30 விநாடிக்கு ஒருமுறைதான் நடக்கும். நம் பிள்ளைகள் வழக்கமாக 20 விநாடி ஓட்டிவிட்டு வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வார்கள் என்பது எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.